நோயாளியின் நாவும் மருத்துவரின் செவியும்

மருத்துவமனை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப், கையில் ஊசி, இருட்டறையில் எக்ஸ்ரே, குகை போன்ற ஸ்கேன் எந்திரம். இவை யாவும் 1816ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் வந்தவை. அதற்கு முன்னும் மருத்துவர்கள் இருந்தனர், நோயைக் கண்டறிந்தனர், சிற்சில வேளைகளில் வியக்கத்தக்க அளவிற்குச் சரியாகவே கண்டறிந்தனர். எதனைக் கொண்டு? கண்ணையும் கையையும் கொண்டு. அவற்றோடு கேள்வியைக் கொண்டு. "உங்களுக்கு என்ன செய்கிறது? எப்பொழுது தொடங்கிற்று?" என்னும் இவ்விரண்டு கேள்விகளே மருத்துவத்தின் மிக மூத்த கருவிகள் என்று சொன்னால் மிகையாகாது. நோயாளியின் வாய்மொழியாக அவர் நோயின் கதையைக் கேட்டு அறிவதை 'ஹிஸ்டரி எடுப்பது' என்று மருத்துவ மாணவர்கள் கூறுவர். நாம் 'நோய் வரலாறு கேட்டல்' என்று கூறுவோம்.

நான் மருத்துவ மாணவன் அல்லேன். உயிர் வேதியியலில் முதுநிலை பயில்பவன். எங்கள் சோதனைச் சாலைக்கு நோயாளி வருவதில்லை. அவருடைய இரத்தம் மட்டும் சிறு குப்பியில் எண் ஒட்டப்பெற்று வரும். அப்படியிருக்க, இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டைச் சேர்ந்த காஸ் தீவில் கி.மு. 460 அளவில் பிறந்தவர் ஹிப்போக்ரட்டீஸ். அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் 'எப்பிடெமிக்ஸ்' என்பது ஒரு தொகுதி. அதன் முதற் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் 42 நோயாளிகளின் வரலாறுகள் நாள்வாரியாக எழுதப்பட்டுள்ளன. இவற்றுள் 25 பேர் இறந்துபோனார்கள். இந்த எண் என்னை மிகவும் கவர்ந்தது. தன் பெருமையைப் பரப்ப எழுதும் மருத்துவர் யாராயினும் பிழைத்தவர்களைப் பற்றித்தானே எழுதுவார்? இவரோ இறந்தவர்களையே மிகுதியாக எழுதி வைத்தார். மதிலோரத்தில் வாழ்ந்த பிலிஸ்கஸ் என்பவர் முதல் வரலாற்றிற்கு உரியவர். அவருக்குக் காய்ச்சல் கண்ட நாள், உறங்காத இரவு, சிறுநீர் கறுத்த நாள் ஆகியவை வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. ஆறாம் நாள் நண்பகல் அளவில் அவர் இறந்தார். அவருடைய மூச்சு, மூச்சுவிடவேண்டும் என்பதை அவ்வப்போது நினைவுகூர்பவரின் மூச்சைப் போல, இடைவெளிவிட்டுப் பெரிதாக வந்தது என்று ஒரு குறிப்பும் உள்ளது. செய்னி என்பவர் 1818இலும் ஸ்டோக்ஸ் என்பவர் 1854இலும் விரித்துரைத்ததனால் அவர்கள் பெயராலேயே இன்று வழங்கும் மூச்சுமுறை இதுவாகவே இருத்தல் கூடும் என்பர் அறிஞர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு குறிப்பைப் படித்து இன்றைய மருத்துவர் ஒருவர் நோயை ஊகிக்க முடிகிறது என்றால், எழுதியவர் எவ்வளவு பொறுமையுடன் படுக்கையருகில் இருந்திருக்க வேண்டும்!

ஆனால் இவ்வரலாறுகளில் பெரும்பாலும் பேசுபவர் மருத்துவரே. நோயாளியின் குரல் அரிதாகவே கேட்கிறது. நோயாளியைக் கேள்வி கேட்பது எப்படி என்பதற்கென்றே தனி நூல் எழுதியவர், கி.பி. 100 அளவில் வாழ்ந்த எபேசஸ் நகரத்து ரூபஸ். கேள்வியே தேவையில்லை, உடற்குறிகளே போதும் என்று சொன்னவர்களும் அக்காலத்தில் இருந்தனர். ரூபஸ் அதனை மறுக்கிறார். நோய் எப்போது தொடங்கிற்று, முன்னர் வந்ததுண்டா, உணவுப் பழக்கம் என்ன, உறக்கம் எப்படி, என்ன கனவு கண்டார் என்றெல்லாம் கேட்கச் சொல்கிறார். விடையில் உள்ள பொருளை மட்டுமன்றி, விடை சொல்லும் வகையையும் கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. குழறுகிறதா, முன்னுக்குப் பின் முரணாக உள்ளதா, நினைவு தவறுகிறதா என்பவையும் நோய்க்குறிகள் அல்லவா? வேற்றூர் செல்லும் மருத்துவர் அவ்வூர்த் தண்ணீரைப் பற்றியும், அங்கு வழக்கமாக வரும் நோய்களைப் பற்றியும் அவ்வூராரையே கேட்டு அறிய வேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

நம் நாட்டு நூல்களும் இதனை அறியாதவை அல்ல. சுசுருதர் நோயை அறியும் வழிகள் ஆறு என்பார். ஐம்புலன்கள் ஐந்து வழிகள், வினாவுதல் ஆறாவது வழி. வாக்படர் இதனைச் சுருக்கிப் பார்த்தல், தொடுதல், கேட்டல் என மூன்றாக்கினார். ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டும் என்ற விதி நம்மிடம் இருந்தது. இன்ன ஊரில், இன்னார்க்கு, இன்ன நாளில் இப்படி ஆயிற்று என்று எழுதி வைத்த தனி மனிதரின் வரலாறுகள் நம் பழைய நூல்களில் கிடைப்பது அரிது. 'எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது' என்று சொல்லி மகிழ்வோர்க்கு இது கசக்கலாம்.

இனி ஒரு நெடிய தாவல். 1700ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் மொடீனா நகரில் பெர்னார்டினோ ராமசினி என்பவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது பிறந்த கதை சுவையானது. அவர் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்ய வந்தவன் மிகவும் அவசர அவசரமாக வேலை செய்தானாம். "ஏன் இப்படி உடலை வருத்திக்கொள்கிறாய்? மெல்லச் செய்யலாகாதா?" என்று ராமசினி கேட்டார். அந்த இடத்தில் நான்கு மணி நேரத்திற்கு மேல் நின்றால் என்ன ஆகும் என்பது அதனைச் செய்தவனுக்கே தெரியும், கண்ணே போய்விடும் என்ற பொருள்பட அவன் விடை கூறினான். அத்தொழில் செய்த பலர் கண்ணொளி குன்றிப் பிச்சை எடுப்பதைத் தாம் ஊரில் கண்டதை அப்பொழுதுதான் ராமசினி இணைத்துப் பார்த்தார். பிறகு சுரங்கம், கண்ணாடிப் பட்டறை, குயவர் கூடம், அச்சகம், சலவைத்துறை என்று தாமே சென்று கேட்டு, 40க்கு மேற்பட்ட தொழில்களின் நோய்களை எழுதினார். பழைய கேள்விகளோடு அவர் கூட்டிய புதிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' ஏழையின் வீட்டில் நல்ல நாற்காலி இல்லையென்றாலும் மருத்துவர் முக்காலியிலேனும் உட்கார வேண்டும், நின்றபடியே நாடி பார்த்துவிட்டுப் போகலாகாது என்றும் அவர் எழுதினார்.

1724இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரப் பேராசிரியர் போர்ஹாவ ஒரே ஒரு நோயாளியைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். நோயாளி அந்நாட்டுக் கடற்படைத் தலைவர். பெருவிருந்துகளில் விருப்பமுடையவர். ஒருநாள் வயிறு கனமாக இருக்கிறதென்று வாந்தி மருந்து உண்டார், ஓங்கரிக்கையில் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதென்று கதறினார், மறுநாள் இறந்தார். அவர் உண்டவை, பருகியவை யாவற்றையும் போர்ஹாவ கேட்டு எழுதி வைத்திருந்தார். இறந்தபின் உடலைத் திறந்தபோது மார்பறையிலிருந்து வாத்துக் கறியின் மணம் எழுந்தது! அவர் உண்ட வாத்துத்தான். உணவுக்குழாய் முழுவதுமாக அறுந்து, இரைப்பைக்குப் போக வேண்டியது மார்புக்குள் போயிருந்தது. 'ஏதோ கிழிந்துவிட்டது' என்று நோயாளி சொன்னது உவமையன்று, உண்மை. இந்நோய் இன்றும் போர்ஹாவ பெயராலேயே வழங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வசதி படைத்த நோயாளிகள் மருத்துவரைப் பாராமலே கடிதம் எழுதி மருத்துவம் பெற்றனர் என்பதைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். எடின்பரோவில் வாழ்ந்த வில்லியம் கல்லன் என்பவருக்கு அவ்வாறு வந்த கடிதங்களும் அவர் எழுதிய விடைகளும் ஆயிரக்கணக்கில் இன்றும் காக்கப்பட்டுள்ளன. நீராவி எந்திரத்தைச் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட் செய்த நகலெடுக்கும் பொறியொன்றைக் கல்லன் தம் விடைகளைப் படியெடுக்கப் பயன்படுத்தினார். அக்காலத்தில் நோயைச் சொல்லும் உரிமை நோயாளியிடமே இருந்தது. மருத்துவர் அக்கதையைப் பொருள்படுத்துபவர், அவ்வளவே.

இக்காலத்துக் கேள்விமுறையின் உச்சி என்று நான் கருதுவது வில்லியம் ஹெபர்டன் என்னும் இலண்டன் மருத்துவரின் கட்டுரை. 1768இல் படிக்கப்பட்டு 1772இல் அச்சாயிற்று. சிலர் நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போது, அதிலும் உணவு உண்டபின் நடக்கும்போது மார்பில் ஓர் இறுக்கம் வருகிறது. நின்றவுடன் அது மாயமாய் மறைந்துவிடுகிறது. சிலர்க்கு இடக்கைக்கும் பரவுகிறது. இதற்கு 'ஆஞ்சைனா' என்று அவர் பெயரிட்டார். எண்ணிப் பாருங்கள்: மருத்துவர் முன்னே அமர்ந்திருக்கும்போது நோயாளிக்கு ஒன்றுமே இல்லை. நாடி ஒழுங்காக ஓடுகிறது. மூச்சு சீராக உள்ளது. கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத நோய் அது. 'எப்பொழுது வருகிறது, எப்பொழுது போகிறது?' என்று கேட்டாலன்றி அப்படி ஒரு நோய் உலகில் இருப்பதே தெரிந்திராது. இதயத்திற்குக் குருதி தரும் குழாய்கள் அடைபடுவதே காரணம் என்பது ஹெபர்டனுக்குத் தெரியாது. காரணம் தெரியாமலே நோயின் உருவத்தை அவர் முழுமையாக வரைந்துவிட்டார்.

அதன் சுருக்கத்தை ஒரு பத்திரிகையில் படித்த ஒருவர், பெயர் எழுதாமல், ஹெபர்டனுக்குக் கடிதம் விடுத்தார். தமக்கு வயது 52 என்றும், தமக்கும் அதே துன்பம் உண்டென்றும், உடலின் இயக்கம் அனைத்துமே ஒருகணம் நின்றுவிட்டாற்போல் சில வேளைகளில் தோன்றுவதாகவும் எழுதினார். தாம் திடீரென்று இறந்துவிட்டால் தம் உடலை அறுத்துப் பார்க்கலாம் என்றும் இசைவு தந்தார். சுமார் மூன்று வாரத்தில் அவர் இறந்தே போனார். புகழ்பெற்ற ஜான் ஹண்டர் உடலை அறுத்துப் பார்த்தார். ஆனால் இதயத்தின் குருதிக் குழாய்களை ஆராயவில்லை. எனவே காரணம் அன்று அகப்படவில்லை. இன்றளவும் அவர் பெயர் தெரியாது. தம் நோயை நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் என்பதற்காகவே மருத்துவ வரலாற்றில் அழியா இடம் பெற்ற ஒருவர் அவர்.

நிற்க. காரணம் ஒன்று உண்டு என்றேனே, அது இங்கேதான் வருகிறது.

சென்ற தை மாதம், தில்லிக் குளிர் எலும்பைத் துளைத்த நாட்களில் ஒருநாள், நாங்கள் தங்கியிருக்கும் பகுதியில் நான்கு வீடுகளுக்கு வேலை செய்யும் அம்மா ஒருவருடன் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். சின்னசேலத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. முப்பது ஆண்டுகளாக இங்கே இருந்தும் அவருக்குத் தெரிந்த இந்தி, பாத்திரம், துணி, பால், சம்பளம் ஆகிய எல்லைக்குட்பட்டது. இரண்டு முறை வேறு ஓரிடத்தில் காட்டியிருந்தார். 'என்ன?' என்று கேட்டபோது அவர் சொன்ன விடை ஒரே சொல்: 'கேஸ்'. நம் ஊரில் வாயு என்பதற்கு அவருக்குத் தெரிந்த இந்திச் சொல் அது. வாயு மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க அங்கே நேரமும் இல்லை, மொழியும் இல்லை.

வரிசையில் நிற்கையில் தமிழில் கேட்டேன். "தம்பி, நெஞ்சுல ஆட்டுக்கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்கு. அந்த மூணாம் மாடி வூடு இருக்குதுல்ல, அங்க ஏறப்பதான் வருது. படியில கொஞ்சம் குந்தினாப் போயிடுது. பனி நேரத்துல சாஸ்தி," என்றார். ஹெபர்டனைப் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலண்டனில் அவர் மேட்டு நிலம் என்று எழுதியதற்கு இவர் மூன்றாம் மாடி என்கிறார். குளிர்காற்று இவ்வலியைத் தூண்டும் என்பதையும் இன்றைய மருத்துவ நூல்கள் சொல்கின்றன. உள்ளே இருந்த மருத்துவர் இளம்பெண். அவரிடம் என் ஊகம் எதனையும் நான் சொல்லவில்லை. அம்மா சொன்ன ஐந்து வாக்கியங்களையும், ஆட்டுக்கல் உட்பட, அப்படியே இந்தியில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் போகிறது என்று கேளுங்கள்," என்றார். அன்று எடுத்த இ.சி.ஜி.யில் குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. இந்நோயில் பலர்க்கு அப்படித்தான் இருக்குமாம். 'தாள் நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடாமல், கேட்ட கதையை நம்பி மேல்சோதனைக்கு எழுதினார். ஒரு குழாயில் பெரிய அடைப்பு இருந்தது; ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அம்மா மாத்திரை உண்டுகொண்டு வேலைக்குப் போகிறார். மூன்றாம் மாடி வீட்டை மட்டும் விட்டுவிட்டார். மாதம் ஒரு வீட்டுச் சம்பளம் குறைந்தது என்பதில் அவருக்கு என்மேல் சிறிது மனக்குறையும் உண்டு.

மீண்டும் வரலாற்றிற்கு வருவோம். நோயாளியின் சொல் தன் மதிப்பை இழந்தது எப்போது? 1761ஆம் ஆண்டு இரு நூல்கள் வெளிவந்தன. பாதுவாவில் மார்காஞி என்பவர், இறந்தோர் உடல்களை அறுத்து, இன்ன நோய்க்கு இன்ன உறுப்பில் இருக்கை என்று நூற்றுக்கணக்கான வரலாறுகளுடன் காட்டினார். வியன்னாவில் ஆவன்பிருக்கர் என்பவர் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியால் உள்ளே நீர் உள்ளதை அறியலாம் என்றார். அவர் விடுதிக்காரர் மகன்; மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவர். 1816இல் பாரிஸ் நகரில் லேனெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்க நாணித் தாளைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். இவையெல்லாம் பள்ளிப் பாடங்களிலும் வருவன. ஆதலின் விரிக்க வேண்டா. இவற்றின் விளைவு ஒன்றை மட்டும் குறிப்பேன். நோயாளி சொல்லாமலே அவர் உடல் மருத்துவரிடம் பேசத் தொடங்கிற்று. பெரிய பொது மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான ஏழைகள் படுத்திருந்தனர். அவர்களுடைய கதையைக் கேட்பதைவிட நுரையீரலைக் கேட்பது எளிதாகவும் உறுதியாகவும் தோன்றியது. ஜூசன் என்னும் சமூகவியலார் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில், இக்காலத்தில் நோயாளி என்னும் மனிதரே மருத்துவச் சிந்தனையிலிருந்து மறைந்துவிட்டார் என்று வாதிட்டார். அது சற்று மிகைப்படுத்திய கூற்று என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் அதே பாரிஸ் நகரில்தான் பியர் லூயி இருந்தார்.

லூயியைப் பற்றி அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். அக்காலத்தில் எந்நோய்க்கும் குருதியை வடிப்பதே மருத்துவம். அதனால் பயனுண்டா என்று எண்ணிப் பார்த்தவர் அவர். எண்ணி என்றால், உண்மையாகவே எண்களால் எண்ணி! 1835இல் வெளியிட்ட நூலில் நுரையீரல் அழற்சி கண்ட 77 பேரின் கணக்கைக் கொடுத்தார். நோய் தொடங்கிய முதல் நான்கு நாட்களுக்குள் குருதி வடிக்கப்பட்டோர் 41 பேர். அவர்களில் இறந்தோர் 18. ஐந்தாம் நாள் முதல் ஒன்பதாம் நாளுக்குள் வடிக்கப்பட்டோர் 36 பேர், இறந்தோர் 9. அதாவது விரைந்து வடித்தவர்களில் 100க்கு 44 பேர், தாமதித்து வடித்தவர்களில் 100க்கு 25 பேர் இறந்தனர். குருதி வடித்தல் உயிர்காக்கும் என்ற நம்பிக்கைக்கு இது பேரிடி. இன்று நாம் மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கு இவரும் ஒரு முன்னோர்.

எண்ணைக் கண்டதும் நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் அவ்வெண் எங்கிருந்து வந்தது? 'நான்காம் நாளுக்குள்' என்றால் எந்நாளிலிருந்து எண்ணிய நான்கு? நோய் தொடங்கிய நாளிலிருந்து. அந்நாளை எந்தக் கருவி அளந்தது? எதுவும் இல்லை. 'முதன்முதல் குளிர் கண்டது என்றைக்கு?' என்று நோயாளியைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். லூயி அதைக் கேட்டு அறிவதில் மிகுந்த கவனம் செலுத்தினார். நாட்கணக்கில் ஒருநாள் பிசகினால் ஒருவர் இக்கூட்டத்திலிருந்து அக்கூட்டத்திற்குத் தாவிவிடுவார். 44உம் 25உம் மாறிவிடும். அறிவியல் மருத்துவத்தின் முதல் எண்கள், நோயாளி ஒருவரின் நினைவின் மேலும் நாவின் மேலும் கட்டப்பட்டவை. எங்கள் சோதனைச் சாலைக்கு வரும் குப்பியிலும் எண்ணின் அருகே 'நோய் கண்ட நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியவர் யார், எந்த மொழியில் கேட்டு நிரப்பினார் என்று இப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

மொழி என்றேன். இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றாலே நாளையும் ஆகும். வினைச்சொல்லைக் கொண்டுதான் வேறுபாடு தெரியும். அதுபோலவே 'பரசோங்' என்பது நேற்று முன்தினத்தையும் குறிக்கும், நாளை மறுநாளையும் குறிக்கும். வினைச்சொல்லைச் சரியாக முடிக்கத் தெரியாத நம்மவர் ஒருவர் நோய் எப்போது தொடங்கிற்று என்பதைச் சொல்லும்போது என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பியர் லூயியை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால் பாவம், தலையில் கைவைத்துக்கொள்வார்!

இருபதாம் நூற்றாண்டில் சோதனைகள் பெருகின. ஆகவே கேள்வி இனித் தேவையில்லை என்று எண்ணுவோர் 1975இல் ஹாம்ப்டனும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். புற நோயாளிகளாக வந்த 80 பேரில் 66 பேருக்கு, முந்தைய மருத்துவரின் கடிதத்தையும் நோய் வரலாற்றையும் கொண்டு எழுதிய முடிவே இறுதிவரை நிலைத்தது. உடலைச் சோதித்ததால் முடிவு மாறியவர் 7 பேர். சோதனைச் சாலையால் மாறியவர் 7 பேர். சோதனைச் சாலைக்காரனாகிய எனக்கு அந்தப் பிற்பட்ட 7 சற்றே வருத்தம் தருவதுதான்! ஆய்வு சிறியது, பழையது. 1975க்குப் பின் சோதனைகள் எவ்வளவோ வளர்ந்துள்ளன. ஆயினும் எந்தச் சோதனையைச் செய்வது என்று முடிவு செய்வதற்கே கதை வேண்டும். வாயு என்று எழுதிவிட்டால் யார் இதயக் குழாயைப் படம் எடுப்பார்கள்?

அக்கதையைச் சொல்லி முடிக்க நோயாளிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கல் இருவரும் 74 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். முதற்பேச்சை முடித்தவர்கள் 17 பேரே. குறுக்கிடாவிட்டால் நோயாளி பேசிக்கொண்டே இருப்பார் என்று மருத்துவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் சரிதானா என்று ஸ்விட்சர்லாந்தில் சோதித்து 2002இல் வெளியிட்டனர். 335 நோயாளிகளைத் தடையின்றிப் பேசவிட்டார்கள். அவர்கள் பேசியது சராசரி 92 வினாடி! ஐந்து நிமிடத்திற்கு மேல் பேசியவர்கள் 7 பேர் மட்டுமே.

92 வினாடி சிறிதுதான். ஆனால் 2017இல் 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்த ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் முழு நேரமே பங்களாதேஷில் 48 வினாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்திற்கு மேல் என்று காட்டியது. நம் நாட்டின் எண் இரண்டு நிமிடத்தை ஒட்டியது. அவ்விரண்டு நிமிடத்தில் 92 வினாடி கேட்டுவிட்டு, மீதியில் உடலைப் பார்த்து, மருந்தும் எழுதி, அடுத்தவரை அழைக்க வேண்டும். எனவே நான் மருத்துவர்களைக் குறைகூற வரவில்லை. வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தால் அவர்கள்மேல் இரக்கமே பிறக்கிறது. ராமசினியின் முக்காலியில் உட்காரவும் நேரம் வேண்டுமே!

நேரத்தைக் கூட்டுவது நம்மால் ஆகாது. இருக்கும் இரண்டு நிமிடத்தில் மொழித்தடையால் வீணாவதைக் குறைப்பது நம் சங்கத்தால் ஆகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் உறுப்பினர் பலர்க்குத் தமிழும் இந்தியும் தெரியும். வாரத்தில் ஒரு காலைப்பொழுது, துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்கும் நம்மவருடன் மருத்துவமனைக்குச் செல்வது பெரிய காரியம் அன்று. ஆனால் அதற்குச் சொல் வேண்டும். துன்பத்தைச் சொல்வதற்குத் தமிழில் உள்ள சொற்கள் கொஞ்சமா? வலி, நோவு, குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், இழுப்பு, பிசைதல், சுருக்கென்பது, விண்விண்ணென்று தெறிப்பது எல்லாம் வேறு வேறு. மூட்டுக்குக் குடைச்சல், நீருக்குக் கடுப்பு. இவை எல்லாவற்றையும் 'தர்த்' என்ற ஒரே இந்திச் சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். இந்தியிலும் சொல் இல்லாமல் இல்லை. எரிச்சலுக்கு 'ஜலன்', குத்தலுக்கு 'சுபன்', வயிற்று முறுக்கலுக்கு 'மரோட்', கனத்திற்கு 'பாரீபன்' என்று அவர்களும் பிரித்தே பேசுகின்றனர், நாம்தான் கற்கவில்லை.

சில சொற்கள் ஏமாற்றுவன. 'சூடு பிடித்துக்கொண்டது' என்று நம் ஊரில் சொன்னால் நீர் இறங்கும்போது எரிகிறது என்று பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் காய்ச்சல் என்று எழுதிவிடுவர். 'மயக்கம்' என்பார்கள், சிலருக்கு அது தலைசுற்றல், சிலருக்கு நினைவு தப்புதல், சிலருக்குக் குமட்டல். மூன்றுக்கும் மூன்று வேறு நோய்கள் காரணமாகலாம். 'நெஞ்சு' என்பது மார்பா, இதயமா, மனமா? 'நெஞ்சு சரியில்லை' என்பவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கையை வைத்துக் காட்டச் சொல்லித்தான் அறிய முடியும். மொழிபெயர்க்கச் செல்பவர் தாமே சுருக்கிச் சொல்லாமல், கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும்; ஆட்டுக்கல்லை ஆட்டுக்கல் என்றே சொல்ல வேண்டும். பொருள் தெரியாவிட்டால் மருத்துவரிடம் கூறுமுன் நோயாளியிடமே மீண்டும் கேட்க வேண்டும்.

இதுவரை 64 சொற்களைத் தொகுத்திருக்கிறேன். இவற்றுள் பெரும்பாலானவை விழுப்புரம், சேலம், தஞ்சை மாவட்டங்களில் வழங்குபவை. நெல்லை, குமரி, கொங்கு நாட்டு நண்பர்கள் தத்தம் ஊரில் வழங்கும் நோய்ச்சொற்களை, அவை என்ன துன்பத்தைக் குறிக்கும் என்ற விளக்கத்துடன் எழுதி, சங்க நூலகத்தில் உள்ள குறிப்பேட்டில் சேர்க்க வேண்டுகிறேன். பாட்டிமார் சொல்லும் சொல்லாயின் இன்னும் நன்று. 'பொரைக்கேறுதல்' என்பதற்கு ஏற்ற இந்திச் சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர் அதனையும் எழுதிவிடுக.